கெதிப் பேச்சின் கணக்கு: பழைய ஹொலிவூட் பகிடிப் படங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே. படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறோம். வோல்டர் ஒரு நாளிதழின் ஆசிரியர். அவரிடம் விவாகரத்து வாங்கிய ஹில்டி அதே பத்திரிகையின் கெட்டிக்கார நிருபர். நாளைக்கு வேறொருவரைக் கலியாணம் செய்யப்போகிறேன், தொழிலையும் விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறாள். நாலு மணிக்கு ட்ரெயின். மறுநாள் காலை ஒரு கைதியைத் தூக்கிலிட இருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் காட்டி அவளைப் போகவிடாமல் மறிக்க வோல்டர் செய்யும் தில்லுமுல்லுதான் மிச்சக் கதை. இயக்கம் ஹவார்ட் ஹோக்ஸ். நடிப்பு கேரி கிராண்ட், ரோசலிண்ட் ரஸல். ஓடும் நேரம் 92 நிமிடம்.

இந்தப் படங்களை 'ஸ்க்ரூபோல்' என்கிறார்களே, அகராதியில் 'கிறுக்கு' என்று இருக்கிறது. அவ்வளவுதானா? – வாசகர், வெள்ளவத்தை

அகராதி பிழை சொல்லவில்லை. ஆனால் சொல் வந்தது பேஸ்போல் மைதானத்திலிருந்து. வழமையான வளைவுப் பந்து எந்தப் பக்கம் திரும்புமோ, அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்துதான் ஸ்க்ரூபோல். நியூயோர்க் ஜயண்ட்ஸ் அணியின் இடக்கை வீச்சாளர் கார்ல் ஹபல் 1930களில் இதற்குப் பேர்போனவர். நமக்கு முத்தையா முரளிதரனின் தூஸ்ராவை நினைத்தால் போதும். கையும் ஓட்டமும் ஓஃப் ஸ்பின்னுக்கு உரியவை. வலக்கை ஆட்டக்காரர் பந்து உள்ளே வரும் என்று துடுப்பைக் கொண்டுபோவார், பந்து வெளியே போய்விடும்.

இந்தப் படங்களும் அப்படித்தான். காதல் படத்துக்கு வேண்டிய பணக்கார வீடு, அழகான உடுப்பு, இரண்டு நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் துரத்துவது பெண், ஓடுவது ஆண். கொஞ்சலுக்குப் பதில் வாய்த்தர்க்கம். 1934இல் வந்த 'இட் ஹப்பின்ட் வன் நைட்', 'ட்வென்டியத் செஞ்சுரி' ஆகிய இரண்டிலிருந்தும் இந்த வகையைக் கணக்கு வைப்பது வழக்கம். 1940களின் தொடக்கத்தில் போருடன் அலை அடங்கிவிட்டது.

எந்தப் படத்தை எடுத்தாலும் விவாகரத்தான சோடி திரும்பச் சேருகிறது. கற்பனைப் பஞ்சமா? – வாசகி, தெஹிவளை

பஞ்சம் இல்லை, தணிக்கை. ஹொலிவூட்டின் தயாரிப்பு ஒழுக்கக் கோவை 1930இல் எழுதப்பட்டது. ஜோசப் ப்ரீனின் அலுவலகம் அதை இறுக்கிப் பிடித்தது 1934 ஜூலையிலிருந்து. அந்த அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டொலர் தண்டம். கலியாணமாகாதவர்களின் உறவைப் பகிடியாகக் காட்ட வழி கிடையாது, கலியாணமானவரின் கள்ள உறவை நியாயப்படுத்தவும் முடியாது. ஆனால் முன்னாள் கணவனும் மனைவியும் என்றால், ஒருவரின் படுக்கைப் பழக்கம்வரை மற்றவருக்குத் தெரியும் என்பதை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. 'தி ஓஃபுல் ட்ரூத்' (1937), 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' மூன்றும் அந்த வழியால் நுழைந்தவை. மூன்றிலும் கேரி கிராண்ட்தான் முன்னாள் கணவர்.

பாடசாலை நாடக விழாவுக்கு ஒரு பத்திரிகை அலுவலக நாடகம் போடுகிறோம். அந்தப் படத்தைப் போல ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேசவேண்டும் என்று முயன்றோம். ஒத்திகையில் மீன் சந்தைச் சத்தம்தான் வருகிறது. படத்தில் மட்டும் எப்படி எல்லாம் விளங்குகிறது? – நாடக ஆசிரியை, பம்பலப்பிட்டி

இந்த முறை வந்தவற்றில் எங்களுக்கு ஆகப் பிடித்த கேள்வி இது. நீட்டித்தான் பதில் சொல்லவேண்டும்.

ஹோக்ஸ் நடிகர்களைக் கெதியாய்ப் பேசச் சொன்னார் என்பது பாதிதான். மீதிப் பாதி எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வசனத்தின் தலையிலும் வாலிலும் தேவையில்லாத சில சொற்களைச் சேர்த்தார். கதைக்கு வேண்டிய சொல் நடுவில் இருக்கும். அடுத்தவர் வந்து ஏறுவது வாலில், ஏறுகிறவரின் தலையும் வெறும் நிரப்புச் சொல். ஆக, இரண்டு குரல் மோதும் இடத்தில் கேட்காமல் போவது எல்லாம் போனால் பாதகமில்லாத சொற்கள். காது நடுவிலுள்ளதை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது.

இதை அப்படியே தமிழில் செய்யப் போனால் ஒரு இடத்தில் இடறும். உங்கள் ஒத்திகை சந்தையாவதற்கு அதுதான் காரணமாக இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் 'இல்லை', 'முடியாது' என்பவை வசனத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில். போகிறாளா, போகவில்லையா, போக ஏலாதா என்பது கடைசிச் சொல்லின் கடைசி அசையில்தான் தெரியும். அந்த அசையின்மேல் அடுத்தவர் ஏறினால் முழு வசனமும் போயிற்று.

பேச்சுத் தமிழே இதற்கு வழி வைத்திருக்கிறது. அவசரத்தில் நாம் வினையை முன்னுக்கு இழுத்து, மற்றதைப் பின்னால் தொங்கவிடுவோம். பிரதியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"நீர் அந்த நாலு மணி ட்ரெயினுக்குப் போகேலாது."
"நான் டிக்கெட் எடுத்தாச்சு."

இதில் ஏறுவதற்கு இடமே இல்லை. மாற்றி எழுதினால்:

"போகேலாது நீர், அந்த நாலு மணி ட்ரெயினுக்கு, சொல்லிப்போட்டன், சும்மா ஆளை விடும்."
"அதுசரி, அதுசரி, கேளுங்கோ, எடுத்தாச்சு டிக்கெட், ரெண்டு, கையில இருக்கு, பாருங்கோ."

முதல் ஆள் "சொல்லிப்போட்டன்" என்று வாயெடுக்கும்போது இரண்டாவது ஆள் "அதுசரி" என்று தொடங்கவேண்டும். "சும்மா ஆளை விடும்" என்பதும் "அதுசரி, கேளுங்கோ" என்பதும் ஒன்றை ஒன்று விழுங்கட்டும். "போகேலாது" தப்பியது, "எடுத்தாச்சு டிக்கெட்" தப்பியது.

ஒத்திகையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் பிரதியில் ஒவ்வொரு வசனத்திலும் தப்பவேண்டிய சொல்லைச் சிவப்பால் கோடிடுங்கள், ஒரு வசனத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. அடுத்த நடிகர் தொடங்கவேண்டிய சொல்லை நீலத்தால் வட்டமிடுங்கள். நீல வட்டம் எப்போதும் சிவப்புக் கோட்டுக்குப் பிறகுதான் வரவேண்டும். வராவிட்டால் வசனத்தைத் திருத்துங்கள், நடிகரைத் திட்டவேண்டாம். அதன்பின் சாதாரண வேகத்தில், ஏறுவதை மட்டும் சரியாகச் செய்து பழகுங்கள். மூன்று நிமிடக் காட்சி, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளிகளை எடுத்த உடனேயே இரண்டரை நிமிடத்துக்குக் கிட்ட வந்துவிடும். சபைக்குக் கெதியாகத் தோன்றுவது பெரும்பாலும் இதுதான். சொல்லின் வேகத்தைக் கடைசியில் கூட்டுங்கள், அதுவும் கொஞ்சம்.

வேகம் கூடும்போது பிள்ளைகளின் குரல் மேலே ஏறும். ஏறினால் இரண்டு குரலும் ஒரே சுருதிக்கு வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தறிய முடியாது. ஒருவர் தாழ்ந்த குரலிலும் மற்றவர் உயர்ந்த குரலிலும் நிற்கும்படி சோடி சேருங்கள். ரஸலின் குரல் தாழ்ந்து அழுத்தமாக இருக்கும், கிராண்டின் குரல் கூர்மை. ல, ழ, ள, ர வரும் சொற்கள் வேகத்தில் முதலில் குழம்பும், எனவே சிவப்புக் கோட்டுச் சொற்களில் அவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. மூச்செடுக்கும் இடத்தையும் பிரதியில் குறியுங்கள். மூச்சு முட்டினால் பிள்ளை விழுங்குவது வசனத்தின் கடைசியை.

இன்னொன்று, படம் சிரிப்புக்காகக் காத்திருக்காது. மேடை காத்திருக்கவேண்டும். சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனம். முழுதாக அடங்கும்வரை நின்றால் வேகம் செத்துவிடும்.

ஒலிப்பதிவு பற்றியும் கேட்கவேண்டியவர் நீங்கள். இந்தப் படம் 1939இன் பிற்பாதியில் படமாக்கப்பட்டது. ஒவ்வொரு குரலையும் தனித்தனித் தடத்தில் பதிந்து பிறகு கலக்கும் வசதி அப்போது இல்லை. நடிகர்களின் தலைக்குமேல் பல மைக்குகளைத் தொங்கவிட்டு, யார் பேசுகிறாரோ அவருக்குரியதை மட்டும் ஒலிப்பதிவாளர் அந்த நேரத்திலேயே திறந்து மூடினார். சில காட்சிகளில் 35 தடவைவரை மாற்றவேண்டி வந்ததாம். உங்கள் மண்டபத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஆறு மைக்கையும் திறந்து விட்டுவிட்டு ஒலிபெருக்கி ஊளையிடுகிறது என்று கவலைப்படுவார்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், ஊளை தொடங்குமுன் கூட்டக்கூடிய ஒலி 3 டெசிபல் குறையும். ஒன்றிலிருந்து நான்குக்குப் போனாலே 6 டெசிபல் போய்விட்டது. ஒரு மாணவரிடம் நீல வட்டம் போட்ட பிரதியைக் கொடுத்து மிக்ஸரில் இருத்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மைக்குக்கு மேல் திறக்கவேண்டாம். அவரும் எல்லா ஒத்திகைக்கும் வரவேண்டும், விழா அன்று மட்டும் வந்தால் சரிவராது.

என்னிடம் உள்ள டிவிடியில் எல்லோரும் கீச்சுக்குரலில் பேசுவது போல இருக்கிறது, படமும் 88 நிமிடத்தில் முடிகிறது. வெட்டிவிட்டார்களா? – வாசகர், கொட்டாஞ்சேனை

வெட்டவில்லை. உங்களிடம் இருப்பது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடி. படம் செக்கனுக்கு 24 சட்டம் (ஃப்ரேம்), பால் தொலைக்காட்சி 25. பழைய மாற்று முறையில் 24ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். 92 நிமிடம் 88 நிமிடம் 19 செக்கன் ஆகிவிடும், குரலும் ஒரு அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு உயரும். மெதுவான படத்தில் இது காதுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 240 சொல் என்று மதிப்பிடப்படும் படத்தில் 4 வீதம் கூடினால் நிச்சயம் உறுத்தும். புளூரேயோ 24 சட்டத்தில் வரும் கோப்போ கிடைத்தால் அதற்கு மாறுங்கள். கிடைக்காவிட்டால் கணினியில் ஓட்டும் வேகத்தை 0.96 ஆக வையுங்கள்.

டிவியையும் ஒருக்கால் பாருங்கள். இந்தப் படங்களின் சட்டத்தில் அகலம் 1.37 என்றால் உயரம் 1, கிட்டத்தட்டச் சதுரம். இன்றைய டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதுதான் சரி. பட்டை பிடிக்கவில்லை என்று 'ஸூம்' போட்டால் மேலும் கீழுமாக உயரத்தில் 23 வீதம் வெட்டுப்படும். ஹோக்ஸ் ஆட்களை இடுப்பிலிருந்து தொப்பிவரை ஒரே சட்டத்தில் நிறுத்தி, கண் மட்டத்தில் கமராவை வைத்து எடுப்பவர். வெட்டினால் ஹில்டியின் தொப்பி போய்விடும், தட்டச்சு செய்யும் கையும் போய்விடும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் வாசகர் வட்டத்தில் போட்டுக்காட்டத் தமிழ் உபதலைப்பு செய்தோம். முதலில் பொருந்தியது, போகப் போக விலகிவிட்டது. இன்னொருவரின் கணினியில் எழுத்தே வரவில்லை. – வாசகர், வெள்ளவத்தை

இரண்டும் வேறு வேறு நோய்.

விலகல்: ஐந்தாம் நிமிடத்தில் ஒரு வரியையும் எண்பதாம் நிமிடத்தில் ஒரு வரியையும் சரிபாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் அது வெறும் தள்ளல். விஎல்சி (VLC) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ஜி, எச் விசைகளால் ஒரு அழுத்தலுக்கு 50 மில்லிசெக்கனாகச் சரிசெய்யலாம். விலகல் வளர்ந்துகொண்டே போனால், மேலே சொன்ன பால் டிவிடியைப் பார்த்து நேரம் குறித்துவிட்டு 24 சட்டக் கோப்புடன் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் உபதலைப்பு இரண்டரை நிமிடம் முந்திவிடும். விசையால் இழுத்து மாளாது. 'சப்டைட்டில் எடிட்' போன்ற இலவச மென்பொருளில் சட்ட வேகத்தை 25இலிருந்து 23.976க்கு (24 என்று சொல்லப்படும் கோப்புகளின் சரியான வேகம் பெரும்பாலும் இதுதான்) மாற்றிச் சேமியுங்கள்.

எழுத்து: ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தால், தட்டச்சு செய்தவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். அது எழுத்துருவுக்குள் மட்டும் தமிழ், உள்ளே ஆங்கிலக் குறி. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள், ஆனால் நேரக் குறிகளை விட்டு வசனத்தை மட்டும் மாற்றவேண்டும். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கவில்லை. இதில் மூலம் அழிந்துவிட்டிருக்கும், பழைய பிரதிக்குத்தான் திரும்பவேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பில் பிழையில்லை, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. காட்சி நாளில் அந்தத் தலையிடி வேண்டாம் என்றால் எழுத்தைப் படத்தோடேயே எரித்த ஒரு கோப்பைத் தயாராக வைத்திருங்கள்.

இந்தப் படத்துக்கு எல்லா வசனத்தையும் மொழிபெயர்க்கவே கூடாது. கண் வாசித்துக்கொண்டே இருந்தால் முகத்தை எப்போது பார்ப்பது? கடைசிப் பகுதியில் வோல்டர் ஒரு தொலைபேசியில் கத்துகிறார், ஹில்டி தட்டச்சு அடிக்கிறாள், நடுவில் அந்தப் பாவப்பட்ட மாப்பிள்ளை புரூஸ் ஒன்பது மணி ட்ரெயினுக்குப் போகிறேன் என்று சொல்லிப்பார்க்கிறான், அவள் காதில் ஏறவில்லை. அங்கே புரூஸின் வரியை மட்டும் போடுங்கள். மற்ற இருவரும் சத்தமாக இருந்தால் போதும். ஒரு தடவைக்கு இரண்டு வரி, குறைந்தது ஒரு செக்கன், கூடியது ஆறு. சுருக்கவேண்டி வந்தால் விளிகளையும் 'சரி', 'பாருங்கோ' போன்ற நிரப்பிகளையும் முதலில் வெட்டுங்கள். ஹோக்ஸ் அவற்றை வைத்ததே கேட்காமல் போவதற்காகத்தான்.

'பிரிங்கிங் அப் பேபி'யில் (1938) வரும் சிறுத்தை நிஜமா? – எட்டாம் வகுப்பு மாணவன், மருதானை

நிஜம்தான் தம்பி. நிஸா என்ற பழக்கிய சிறுத்தை. ஓல்கா செலஸ்டே என்ற பயிற்சியாளர் கையில் சவுக்குடன் கமராவுக்கு வெளியே நிற்பார். கதையில் வரும் சாதுவான சிறுத்தை, சர்க்கஸின் பொல்லாத சிறுத்தை இரண்டும் நிஸாதான். கதரின் ஹெப்பர்ன் அதோடு பயமில்லாமல் நடித்தார். சறுக்கிச் சட்டென்று அசைந்தால் விலங்கு மிரளும் என்று சப்பாத்தின் அடியில் குங்கிலியம் பூசிக்கொண்டார். ஒரு நாள் ஓரத்தில் பாரம் தைத்த பாவாடையுடன் அவர் வேகமாகத் திரும்ப, பாவாடை சுழல, நிஸா பாய்ந்தது. செலஸ்டேயின் சவுக்குத்தான் காப்பாற்றியது.

கேரி கிராண்ட் கிட்டப் போகவே மாட்டார். அவரும் சிறுத்தையும் சேர்ந்து வரும் பல சட்டங்கள் இரண்டு தடவை எடுத்து ஒட்டியவை: ஒரு தடவை விலங்கு இருக்கும் பாதி, இன்னொரு தடவை ஆள் இருக்கும் பாதி, பிறகு லின்வுட் டன் என்ற தந்திரக்காட்சி நிபுணர் ஒன்றாக அச்சிட்டார். அடுத்த முறை பார்க்கும்போது சிறுத்தை எல்லை தாண்டாமல் ஒரு பக்கத்திலேயே நிற்கிறதா என்று கவனி.

கதையில் ஒரு பிழையும் உண்டு, சிறுத்தை பார்க்க யால தேசியப் பூங்காவுக்குப் போன பிள்ளைக்குத் தெரியவேண்டியது. அந்தச் சிறுத்தை பிரேசிலிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பிரேசில் காட்டில் சிறுத்தை இல்லை, இருப்பது ஜாகுவார். ஜாகுவாரின் புள்ளி வளையத்துக்குள் சின்னப் பொட்டு இருக்கும், சிறுத்தையின் வளையத்துக்குள் இருக்காது.

தமிழ்நாட்டில் இந்தப் படங்களைத் தழுவினார்களா? – வாசகி, கொள்ளுப்பிட்டி

'இட் ஹப்பின்ட் வன் நைட்' கதை சென்னைக்கு வந்தது, ஆனால் ஹிந்தி பேசி வந்தது. ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த ஏவி.எம். படமான 'சோரி சோரி' (1956) அதுதான். மூலப்படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து பெரிய ஒஸ்கார்களையும் ஒரேயடியாக வாங்கிய முதல் படம். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம், பேச்சின் வேகம் நிதானமானது. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யை மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வையுங்கள்.

தூக்குத் தண்டனைக் கைதியை வைத்துக்கொண்டு பகிடியா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. – வாசகர், கொட்டாஞ்சேனை

நீங்கள் சிரிக்காத இடங்களில் ஹோக்ஸும் சிரிக்கச் சொல்லவில்லை. தேர்தலுக்காகத் தூக்கை அவசரப்படுத்தும் மேயரையும் ஷெரிப்பையும் பார்த்துத்தான் படம் சிரிக்கிறது. தண்டனையை நிறுத்தும் உத்தரவைக் கொண்டுவந்தவனுக்கே வேலை தருவதாக ஆசைகாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

கைதியைப் பேட்டி காணும் காட்சியில் வேகத்துக்கு என்ன நடக்கிறது என்று திரும்பப் பாருங்கள். ஹில்டி கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அவன் முடிக்கும்வரை காத்திருந்து கேட்கிறாள். யாரும் யார் பேச்சின்மேலும் ஏறவில்லை. அதற்குக் கிட்டவே நிருபர் அறைக் காட்சி. கைதிக்கு இரக்கம் காட்டிய மொலி என்ற பெண் வருகிறாள். தன்னைப் பற்றிப் பொய் எழுதியதற்காக நிருபர்களைக் கேட்கிறாள், அவர்கள் நக்கலடிக்கிறார்கள், அவள் உடைந்து அழுகிறாள். இவர்கள் மனிதரில்லை என்று அவள் சொல்ல, தெரியும், பத்திரிகைக்காரர் என்று சொல்லி ஹில்டி அவளை வெளியே கூட்டிப்போகிறாள். அதுவரை வாய் மூடாத அத்தனை ஆண்களும் சீட்டுக்கட்டைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கிறார்கள். ஹில்டி திரும்பி வந்து கதவடியில் நின்று, பத்திரிகை உலகின் கனவான்களே என்று மட்டும் சொல்கிறாள்.

வெள்ளவத்தை வாசகர் வட்டத்தாருக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். அந்த மௌனம் ஓடும்போது முந்திய வசனத்தின் உபதலைப்பு திரையில் தொங்கிக்கொண்டு நிற்கவேண்டாம். அதை நேரத்தோடு எடுத்துவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை திரையை வெறுமையாக விடுங்கள்.